மார்ச் வரை பொறு என்கிறார்கள்

ஜனவரி 11, வியாழன்

நான் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிற சிதிகத்தின் கல்யாணப் படம் இன்றும் பாதியில் நின்றுவிட்டது. மணப்பெண் மண்டபத்துக்குள் ஆடிக்கொண்டே வருகிற இடம். ஒரு காலைத் தூக்கினாள், அப்படியே உறைந்துவிட்டாள். நான் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன். கால் இன்னும் அந்தரத்தில்.

கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை. வாங்கும்போதே கிழடு. மூன்று கேமராவில் எடுத்ததை ஒன்றாகக் கோக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? ப்ராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறான் சிகிரு. லாகோஸில், இகெஜா கடைத்தெருவில் கடை வைத்திருப்பவன். என் மதர்போர்டில் பொருந்துகிற மாதிரி ஒன்று அவனிடம் இருக்கிறது.

"ஆனா அக்கா, மார்ச்சுல புது வரிசை வருதுன்னு பேச்சு. வந்தா இதோட விலை இறங்கிரும். அவசரம் இல்லேன்னா பொறுங்க."

விற்கிறவனே பொறு என்கிறான். எனக்கென்று பார்த்து நல்லவர்களாக வந்து வாய்க்கிறார்கள்.

ஜனவரி 14, ஞாயிறு

போலஹானிடம் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு நீர்வாரியத்தில் வேலை. எதையும் ஆறவைத்துத்தான் குடிப்பார்.

"பொறுத்துத்தான் பாரேன் லாரா. இப்ப வாங்கி, மார்ச்சுல விலை இறங்கினா உனக்கு வயிறு எரியும். உனக்கு எரிஞ்சா எனக்குச் சோறு கிடைக்காது."

"அதுக்குள்ள நம்ம நைரா மதிப்பு இன்னும் விழுந்தா? புதுசும் கிடைக்காது, பழசும் கிடைக்காது."

அமலாக் களியைப் பிட்டு எவெடு கீரைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே இருந்தார். பதில் இல்லாதபோதுதான் மனிதர் நன்றாகச் சாப்பிடுவார்.

ஜனவரி 15, திங்கள்

சரி, பொறுக்கிறேன்.

ஜனவரி 19, வெள்ளி

சிதிகத்தின் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். அல்ஹாஜா முய்பத்; ஹஜ் போய்வந்ததால் அந்தப் பட்டம். பாகி சந்தையில் லேஸ் துணி வியாபாரம். அவர் நுழைந்தால் என் வரவேற்பறை சின்னதாகிவிடும்.

"லாரா மகளே! கல்யாணத்துல சாப்பிட்ட ஜொல்லாஃப் சோறு செரிச்சு, எம்பொண்ணு வயித்துல பிள்ளையும் உண்டாகி, அது பொறக்கவும் போகுது. உன் படம் மட்டும் இன்னும் உண்டாகவே இல்ல!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சிதிகத் இப்போது புருஷனோடு சீமையில்; பிரசவம் பார்க்க அபர்டீனுக்குப் போகிறார். பிப்ரவரி நாலாம் தேதி விமானம். அங்கே சிதிகத்தின் மாமனாரும் இருக்கிறார். கல்யாணத்தன்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர், ஒரே மகனின் கல்யாணத்தைப் பார்க்காதவர்.

"வெறுங்கையோட அவர் முன்னால போய் நிக்கச் சொல்றியா?"

"மார்ச்சுல புது ப்ராசசர் வருது அல்ஹாஜா, அப்புறம் ஒரே ஓட்டமா..."

"மார்ச் வரைக்கும் அந்தப் புள்ளைய உள்ளேயே இருக்கச் சொல்லவா?"

போகும்போது மேசையில் ஒரு பை வறுத்த கடலை வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜனவரி 20, சனி

நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? போன வருஷமும் ஏதோ ஒன்று மார்ச்சில் வருவதாக இருந்தது. வந்தது. அப்போது, அதற்கடுத்தது நன்றாக இருக்கும் என்றார்கள். அதையும் நம்பினேன். இப்படியே போனால் என் மேசை மேல் எப்போதும் ஒரு மார்ச் உட்கார்ந்திருக்கும் — படம் எதுவும் வெளியே போகாது.

சிகிருவுக்கு போன் போட்டேன். "இருக்கிறதையே பஸ்ஸுல அனுப்பிவிடு."

போலஹான் கேட்டுக்கொண்டிருந்தார். "வயிறு எரிஞ்சா சொல்லு. தண்ணிக்கு நான் இருக்கேன்."

நீர்வாரிய நகைச்சுவை.

ஜனவரி 25, வியாழன்

வந்தது. பொருத்தினேன். திரை கறுப்பு. எடுத்துத் துடைத்து மறுபடி பொருத்தினேன். கறுப்புதான். ஐயோ, பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிட்டேனே, சும்மா இருந்திருக்கலாமே—

சிகிரு போனில் நிதானமாகச் சொன்னான். "பதறாதீங்க அக்கா. உங்க போர்டு பழசு. இப்படி ஒண்ணு பொறந்திருக்குன்னே அதுக்குத் தெரியாது. பழைய ப்ராசசரை மாட்டி, போர்டோட மென்பொருளைப் புதுப்பிச்சுட்டு, அப்புறம் இதை வைங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பாதியில கரண்ட் போச்சுன்னா போர்டே போயிரும்."

தினமும் கரண்ட் போகிற இபாதானில் இருந்துகொண்டு, போகக் கூடாதாம்!

பொறு பொறு என்ற போலஹான்தான் எழுந்து போய் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார். பெட்ரோல் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக, "ஆச்சா? ஆச்சா?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஆச்சு என்று நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஜனவரி 26, வெள்ளி

சிதிகத் காலைக் கீழே வைத்துவிட்டாள். மறு காலையும் தூக்கினாள். என்ன ஆட்டம் ஆடியிருக்கிறாள் இந்தப் பெண்! இத்தனை நாள் நானே பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

அல்ஹாஜா கடையில், துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார்.

"இவ்வளவு குண்டாவா இருந்தேன்? ஒருத்தியும் சொல்லலியே."

வேறு குறை சொல்லவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

அபர்டீனிலிருந்து அல்ஹாஜாவின் போன். ஆண் பிள்ளை. தாயும் சேயும் சுகம்.

"சம்பந்தி பார்த்தார் லாரா. மகன் பெரியவங்க முன்னால நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிடுற இடம் வந்துச்சு. மனுஷன் எழுந்து போய் டிவி மேல கைய வச்சு ஆசீர்வாதம் பண்றார்!"

போனை வைத்துவிட்டு அந்த இடத்தை நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நிறைவாக இருந்தது.

மார்ச் 9, சனி

புது வரிசை வந்துவிட்டதாம். விலையும் இறங்கிவிட்டதாம். போலஹான் சொல்லித்தான் தெரியும். என் முகத்தையே உற்றுப் பார்த்தார். நான் தேதியையே மறந்திருந்தேன். முடிக்காமல் கிடந்த பழைய படங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசி பாக்கி மொரெனிகேயின் கல்யாணம். இருப்பதிலேயே பழையது. படம் தயார் என்று செவ்வாய்க்கிழமை போனில் சொன்னேன்.

"அக்கா, நாங்க பிரிஞ்சு ஆறு மாசமாச்சு."

போனில்கூட முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

"அதுக்காகத் தூக்கிப் போட்டுராதீங்க. எங்கம்மா ஆடினது, என் சிநேகிதிங்க எல்லாரும் ஒரே மாதிரித் துணியில வந்து நின்னது, அதெல்லாம் எனக்கு வேணும். அந்த ஆள் வர்ற இடத்த மட்டும் வெட்டிருங்க."

"மாப்பிள்ளை இல்லாம கல்யாணப் படமா?"

"இருந்தப்பவும் அவன் ஒண்ணும் பெருசா ஆடல அக்கா."

வெட்டினேன். இன்று மத்தியானம் அம்மாவும் மகளும் வந்தார்கள், வறுத்த வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள். தன் ஆட்டம் வந்ததும் அந்த அம்மா எழுந்து, திரைக்கு முன்னாலேயே கூடச் சேர்ந்து ஆடினார். கல்யாணத்தில் ஆடுகிறவர்களுக்குச் செய்வதுபோல, மொரெனிகே நைரா நோட்டு இல்லாமல் சும்மா கையாலேயே அம்மா நெற்றியில் காசு ஒட்டுகிற மாதிரி செய்தாள். மூவரும் சிரித்தோம்.

இவ்வளவு தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நல்லவேளை அக்கா. அப்பவே குடுத்திருந்தா, அவன் வீட்டுலயே மாட்டிக்கிட்டிருக்கும்."

உள்ளறையில் போலஹான் இருமினார். இருமலா சிரிப்பா, தெரியவில்லை.

இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன்.