ஐந்தாவது கையெழுத்து

செவ்வாய், இரவு.

எங்கள் வங்கிக் கிளையில் விற்க வந்திருக்கும் புதிய இடிஎஃப், அதாவது பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் முதலீட்டு நிதி, சாதாரண ஆட்களுக்குப் புரிகிறதா என்று ஐந்து வாடிக்கையாளர்களிடம் கேட்டு எழுத வேண்டும். நான்கு பேர் விளக்கத்தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "புரிஞ்சுது" என்று கையெழுத்துப் போட்டார்கள். விழிஞ்ஞத்தில் மீன் ஏலம் எடுக்கும் ரோசம்மா அக்கா மட்டும் முழுக்கப் படித்தார்.

"எப்ப வேணும்னாலும் விக்கலாம்னு போட்டிருக்கு. அன்னைக்கு வாங்க ஆளு வரலேன்னா?"

தாள் முழுக்கத் தேடினேன். பதில் இல்லை. மலையாளி மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"இவ்வளவு யோசிக்கிறவங்க சாதாரண ஆள் அல்லல்லோ. அவங்கள விடு. உனக்கும் இங்க அக்கவுண்ட் உண்டல்லோ, நீயே ஒப்பு போட்டு முடி."

எரிச்சலோடு ஐந்தாவது கையெழுத்தைப் போட்டேன்.

ஐந்து பேருக்கும் புரிந்துவிட்டது என்று அறிக்கை போய்விட்டது. வாங்க ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு இன்னும் தெரியாது.