நானே எழுந்திருக்கலாமா டீச்சர்?

மார்ச் 3, செவ்வாய்

முன்னறைச் சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளியாயிற்று. மூன்று மாதமாகப் படுக்கையறையில் நடந்த மகளின் யோகா வகுப்பு இனி முன்னறையில், வாரம் மூன்று நாள் காலை ஆறரைக்கு, மடிக்கணினி வழியாக. நான் டீ டம்ளரோடு நடையில் ஒரு ஸ்டூலில். சொந்த வீட்டில் வாட்ச்மேன் வேலை. சம்பளம் கிடையாது, இருமவும் கூடாது.

அவள் சொல்லிக்கொடுப்பது யின் யோகா. குட்டிக்கரணம் ஏதாவது இருக்கும் என்று ஆவலாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. உடம்பைத் தளர்த்தி ஒரு நிலையில் கிடத்திவிட்டு மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும்.

"சும்மா கிடக்கிறதையா பாப்பா கத்துக்க வர்றாங்க? என்கிட்ட அனுப்பு."

"உங்களால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதுப்பா."

"வாயையும் சேர்த்துச் சொல்லுடி" என்றாள் என் மனைவி, அடுக்களையிலிருந்து.

பிறகு மகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினோரு மாணவர்கள், ஆளுக்கு நாலு பக்கம். ஒருவருக்கு முட்டிக்கு அடியில் மடித்த துண்டு. இன்னொருவர் சுவரில் சாய வேண்டும். மூன்றாமவருக்கு இரண்டு தலையணை, 'இந்த வாரம் ஒன்று போதும்'. முப்பது வருடமாக வண்டி சீட் தைக்கிறேன், ஒரே மாடலுக்கு ஒரே அளவு. இவள் ஒரே ஆசனத்தைப் பதினோரு அளவில் வெட்டுகிறாள். நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன். இந்த மூளை அவள் அம்மா வழிதான், சந்தேகமில்லை.

அதிகப் பக்கம் தபால்காரம்மாவுக்கு. கடிதம் கொண்டுபோன வழியில் சைக்கிளோடு விழுந்து இடுப்பு போனவர். ஏப்ரல் 9 அன்று ஆபீஸ் டாக்டர் பார்ப்பார். நன்றாக நடந்தால் வேலை. நடக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மார்ச் 5, வியாழன்

எழுதவே கூசுகிறது.

ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தேன். திரையில் பதினோரு கட்டம், ஒருவரும் அசையவில்லை. சத்தமும் இல்லை. மகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெட் மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, கடைக்காரன் சொல்லித்தந்த மாதிரி மோடத்தின் ஒயரைப் பிடுங்கி முப்பது எண்ணினேன். உதவி செய்கிறேனாம்!

"அப்பா! என்ன பண்ணீங்க?"

வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்ததாம். அதுதான் வகுப்பாம்.

எல்லாம் திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம். பத்துப் பேர் எழுந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தபால்காரம்மா மட்டும் ஒரு காலை முன்னால் மடக்கி, மறுகாலைப் பின்னால் நீட்டி, தலையணைமேல் கவிழ்ந்தபடியே இருந்தார். முன்னே இருந்ததையும் சேர்த்துப் பதினாறு நிமிடம்.

"அக்கா, மெதுவா வெளிய வாங்க. வலிக்கலையா?"

"வலிச்சுது டீச்சர். நீங்க எழுந்திருக்கச் சொல்லலையே."

மார்ச் 6, வெள்ளி

தபால்காரம்மாவால் இன்று படி இறங்க முடியவில்லையாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 7, சனி

மகள் வகுப்பை ஆரம்பிக்கும் முன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என்னைச் சொல்லியிருக்கலாமே பாப்பா."

"நீங்க ஒயரைப் பிடுங்கினீங்க, அவ்ளோதான். 'நான் சொல்ற வரைக்கும் இருங்க'ன்னு மூணு மாசமா அவங்களைப் பழக்கினது யாரு? நான்தானே?"

இனி வகுப்பில் அந்த வாக்கியம் கிடையாதாம். வலி வந்தால் அவரவரே வெளியே வரலாம். யாரையும் கேட்க வேண்டாம். கடையில் நான் தையல் பிசகினால் ஊசியைத் திட்டுவேன், நூலைத் திட்டுவேன், வண்டிக்காரரைக்கூடத் திட்டுவேன். இவள் யார் பெண்?

மார்ச் 12, வியாழன்

டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தபால்காரம்மா மறுபடி யோகாவைத் தொடங்கிவிட்டார். தினமும் சாயங்காலம் அவருக்கு மட்டும் இருபது நிமிடம். ஒரே ஒரு பாடம்தான்: பாதியில் எழுந்திருப்பது. அதுதான் அந்த அம்மாவுக்கு வரவில்லை.

"தோத்த மாதிரி இருக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கடுதாசிய நான் பாதி வழியில திருப்பிக் கொண்டுவந்ததில்ல."

"அக்கா, இடுப்பு கடுதாசி இல்ல."

"நானே எழுந்திருக்கலாமா டீச்சர்?"

"கேக்காம எழுந்திருக்கணும்."

கேட்டுக்கொண்டேதான் இருந்தார். இன்று மட்டும் நாலு தடவை. மகள் நாலு தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொன்னாள். நானாக இருந்தால் இரண்டாவதிலேயே மடிக்கணினியை மூடியிருப்பேன்.

மார்ச் 24, செவ்வாய்

மகள் என்னைத் திரைக்கு முன்னால் பாயில் கிடத்தினாள். எதற்கென்று சொல்லவில்லை. அதே ஆசனம். நாற்பது விநாடி இருக்கும், "போதும்டா சாமி" என்று உருண்டு எழுந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் தபால்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கப்பாவுக்கு வெக்கமே இல்லையா டீச்சர்?"

"கொஞ்சம்கூடக் கிடையாதுக்கா. அதைக் காட்டத்தான் கூப்பிட்டேன்."

பிறகு அவர் முறை. ஒன்றே முக்கால் நிமிடத்தில், மகள் வாயே திறக்காதபோது, தானாகக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். யாரிடமும் கேட்கவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தூசி என்றாள். முன்னறையைக் காலையில் பெருக்கியவன் நான். தூசி கிடையாது.

ஏப்ரல் 9, வியாழன்

டாக்டர் பார்த்தார். வேலை உண்டு: ஒரு மாதத்துக்குப் பாதிச் சுற்றுக் கடிதம், நடந்தே. அப்புறம் முழுசு. மகள் போனை வைத்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஸ்டூல் உருண்டது.

ஏப்ரல் 18, சனி

காலை ஆறு இருபதுக்குத் தபால்காரம்மாவிடமிருந்து செய்தி: 'இந்த வாரம் நிறைய நடந்துட்டேன். இடுப்பு இன்னைக்கு வேண்டாங்குது. வரல.'

மன்னிப்பு இல்லை. வராமல் இருக்கலாமா என்ற கேள்வியும் இல்லை.

மகள் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். பிறகு பத்துப் பேரோடு வகுப்பைத் தொடங்கினாள்.