மன்னாரிலிருந்து நான் மட்டும் திரும்பினேன்

கண்டி,
1935 மார்ச்

பிரியமுள்ள லோரன்ஸ் அண்ணனுக்கு,

தங்கை டொரதி எழுதுவது. ஈப்போவில் நீங்களும் அண்ணியும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே மலேரியா குறைந்துவிட்டது. பிள்ளை றோசுக்குக் காய்ச்சல் கண்டபோது மருந்துக்கு வரிசையில் நின்றோம். இப்போது வரிசை இல்லை.

பிள்ளையை அடக்கம் செய்தபின் உங்கள் மச்சான் தூங்கவில்லை, பேசவுமில்லை. கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதால் மன்னார்த் தீவுக்குக் கூட்டிப்போனேன். பேசாலையில் யாகப்பர் என்ற மீன்பிடிகாரர் வீட்டில் தங்கினோம்.

கோட்டையைப் பார்த்தோம். யானை நிற்பதுபோல ஒரு பெருக்க மரத்தையும் பார்த்தோம். கடலோரத் தண்ணீரில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நின்றன. அழகு என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஒருநாள் தெருக்கழுதை ஒன்று குசினிக்குள் தலையை நீட்டிச் சோற்றைத் தின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் காலை அவர் எழுந்துபோய்க் கரைவலை இழுக்கிறவர்களோடு கயிற்றைப் பிடித்தார். தபால் கந்தோரில் பேனா பிடித்த கை, கொப்புளமாகிவிட்டது. மத்தியானம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, மணலிலேயே தூங்கினார். அதன்பின் தினமும் போனார்.

திரும்பும் நாள் என் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு அவர் இறங்கி நின்றார்.

"அந்த வீட்டுக்கு என்னால வர ஏலாது, டொரதி. நீயும் இங்கயே இரு."

யாகப்பரின் மனைவி மார்கிரட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் தங்கச்சி, நில்லுங்கோ. எங்கட வீடு இருக்குத்தானே" என்றார்.

மஹியாவை மயானத்தில் பிள்ளையின் குழிமண் இன்னும் இறுகவில்லை. சித்திரை மழைக்கு முன் கல் வைக்கவேண்டும். நானும் நின்றுவிட்டால் அவளிடம் யார் போவது? அதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். ரயில் புறப்பட்டது. இரண்டு பேரும் அழவில்லை.

கந்தோரிலிருந்து ஆளனுப்பிக் கேட்டார்கள். அவருக்குச் சுகமில்லை என்றேன். எவ்வளவு நாளைக்கு அப்படிச் சொல்லலாம் என்று தெரியவில்லை. கல்லுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். பெயர் மட்டும் போதும் என்றேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அண்ணா. ஏசவேண்டாம். வரச்சொல்லவும் வேண்டாம். டொரதி நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறாள் என்று எழுதுங்கள். நான் எழுதினால் நம்பமாட்டார்.

எங்கள் மூவரையும் உங்கள் செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
டொரதி சுவக்கின்