டயரின் உட்பக்கம்

ஞாயிறு, இரவு.

கொழுந்தன் அழகுக்காகக் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்திருக்கிறான். இன்று அதில் என் மகளை ராசிபுரத்துக்குக் கூட்டிப் போனான். வழியில் முன்டயர் வெடித்து, கார் வயலுக்குள் இறங்கி நின்றிருக்கிறது. பிள்ளைக்கு அடி இல்லை.

"கண்ணு பட்டிருச்சுங்க அண்ணி" என்றான். வெடித்த டயரை மட்டும் மாற்றிவிட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். நான் குனிந்து மற்ற முன்டயரைப் பார்த்தேன். காரைத் தாழ்த்தியதால் சக்கரம் சாய்ந்து ஓடியதில் வெளிப்பக்கம் புதுசாகவே இருக்கிறது, உட்பக்கம் தேய்ந்து கம்பி தெரிகிறது. காட்டினேன்.

"அதான் பழம் வெச்சாச்சுங்களே."

காலையில் அதே காரில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறானாம். பழம் கேட்டால் கூடை நிறையத் தருவேன். சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது.