டீக்கடையில் அளந்த சூடு

அன்பு மகளுக்கு,

இரண்டு வருடமாகப் பேசாத அப்பன் எழுதுகிறானே என்று பதறாதே. எனக்கு ஒன்றுமில்லை, சர்க்கரையும் வாயும் வழக்கம்போலக் கட்டுக்குள் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று எங்கள் கல்லூரி லேபில் ஒரு கூத்து. வெந்நீர் எப்படி ஆறுகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டை அளந்து எழுதியது அட்டெண்டராகிய நான்தான். அந்த அளவுகளுக்குப் பொருந்தும் வளைகோட்டைக் கண்டுபிடிக்க, கனகலட்சுமி மேடம் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் புரோகிராம் லைப்ரரி ஒன்றை ஓட்டினார். கோடு பொருந்தவே இல்லை.

“இந்த லைப்ரரியே தப்புண்ணே,” என்றார், மாணவர்கள் முன்னால்.

அதை எழுதியவர்கள் பட்டியலில் உன் பெயர் இருப்பது எனக்குத் தெரியுமே! ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“மேடம், அது எம்மக எழுதுனது. தப்பு எம்மேல. நாலாவது அளவு எடுக்கயில நான் டீக்கடையில இருந்தேன். வந்து குத்துமதிப்பா எழுதிப்புட்டேன்.”

என் கணக்குப்படி, ஆறிக்கொண்டிருந்த தண்ணீர் நடுவில் தானாகவே மறுபடி கொதித்திருக்கிறது! அந்த எண்ணை எடுத்ததும் கோடு அம்சமாகப் பொருந்தியது.

“பெத்த அப்பனையே பிடிச்சுக் குடுத்துட்டாளேண்ணே!” என்று மேடம் சிரித்தார். இருபத்தைந்து வருடச் சர்வீசில் நான் இம்புட்டுப் பெருமையாக மாட்டிக்கொண்டதில்லை.

உன்னை விசாரிப்பவர்களிடமும் இத்தனை நாள் குத்துமதிப்பாகத்தான் சொல்லிவந்தேன், ஹாஸ்டலில் இருக்கிறாய் என்று. இன்று காலை வாடிப்பட்டி அத்தைக்குப் போன் போட்டு, உனக்குக் கல்யாணமானதைச் சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

பொங்கலுக்கு வா. மாப்பிள்ளையையும் அழைத்து வா.

இப்படிக்கு,
பிடிபட்ட உன் அப்பா