கெளுத்தி மேல் போட்ட பழி

தாம்பரம் ஆஸ்பத்திரி,
புதன்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மகள் துர்காவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்பாவுக்குக் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று பரணி போனில் சொல்லியிருப்பான். உன் தம்பிக்கே தெரியாத ஒன்றை நான் எழுதுகிறேன். போனில் பேசினால் வார்டு முழுக்கக் கேட்கும், அதனால்தான் பேத்தி மஹாலட்சுமியின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன், நான் அஞ்சாவதுவரை படித்தவள், தப்பிருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வலை பிரிக்கும்போது அப்பா காலில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. சர்க்கரை இருக்கிற உடம்பு, அன்றைக்கே டாக்டரிடம் போகலாம் என்று பரணி சொன்னான். நான்தான் விடவில்லை. நம் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிற பிஸ்கட் டப்பா உனக்கு நினைவிருக்கும். பொங்கலுக்கு வந்தபோது மீந்த மாத்திரையை எல்லாம் தூக்கிப் போடு, பாதியில் நிறுத்தினால் கிருமி தப்பித்துப் பழகிக்கொள்ளும் என்று திட்டினாயே, சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நீ போனதும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். குப்பத்தில் யார் வீட்டில் மாத்திரை மீந்தாலும் என்னிடம்தான் கொடுப்பார்கள், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். மருந்து கண்டுபிடிக்கிற பெண்ணைப் பெற்றவள் என்று டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். எனக்கும் அது இனித்தது. அப்பாவுக்கு ரெண்டு நாள் சிவப்பு மாத்திரை, வலி குறைந்ததும் நிறுத்தினேன், மறுபடி சீழ் வைத்ததும் வேறொரு வெள்ளை மாத்திரை. இப்படியே பதினெட்டு நாள் ஓட்டிவிட்டேன்.

இங்கே ஜோவிதா என்று ஒரு டாக்டர், உன் வயசுதான் இருக்கும். உன்னைப் பற்றி முதல் நாளே பெருமையாகச் சொன்னேன். ஒரு கிருமிக்குள் ஜீன் என்று நாலாயிரம் சங்கதி இருக்கும், என் பெண் விளக்கை அணைப்பதுபோல் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கிறாள், எதை அணைத்தால் கிருமி பிழைக்காதோ அதைக் குறிவைத்துப் புது மருந்து செய்யலாம் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நீ அன்றைக்குச் சொன்னபோது அப்பா, பெயிண்டைச் சுரண்டினா போட் போகும், அடியைப் பேத்துட்டா போகுமா, அதானே என்று கேட்டாரே, அதையும் சொன்னேன். டாக்டர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, வீட்டில் என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அவ்வளவு பேசின வாய், ஒண்ணும் குடுக்கலம்மா என்று சொல்லிவிட்டது, துர்கா.

சீழை எடுத்துச் சோதித்த காகிதம் நேற்று வந்தது. மருந்துப் பெயர் வரிசையாக இருக்கிறது, ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் நேராக ‘கேட்காது’ என்று குறி போட்டிருக்கிறது. கேட்கிற அந்த ஒரு ஊசி கிட்னியையும் அடிக்குமாம். நம் உடம்பில் இல்லாத சங்கதியாகப் பார்த்துக் குறிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து நம்மையும் சேர்த்து அடிக்கும் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று காலை டப்பாவைக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. இது முழுக்க உங்களாலதான்னு சொல்ல முடியாதும்மா, இந்தக் கிருமி இப்ப ஊர்பூரா இருக்கு, ஆனா முதல் நாளே சொல்லியிருந்தா வேற ஊசி போட்டிருப்பேன், ரெண்டு நாள் மிச்சமாகியிருக்கும் என்றாள். வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு, ரெண்டு விரலோடு போகுமா முழங்கால்வரை எடுக்க வேண்டுமா என்று சொல்வார்களாம்.

நேற்று சாயங்காலம் குப்பத்துக்குப் போய் நான் கொடுத்த மாத்திரைகளை வீடு வீடாகத் திருப்பிக் கேட்டேன். தபீதாள், இன்னா டாக்டரம்மா, குட்த்ததையே திருப்பிக் கேட்டுகினு வந்துகிறே, வூட்ல மருந்து பஞ்சமா என்று கிண்டல் செய்தாள். அவள் பேரனுக்கு நான் நாலு தடவை கொடுத்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு நாளைக்கு ஒன்று வந்தால் எந்த மருந்து கேட்கும், நீயே சொல்லு.

அப்பா படுத்தபடியே அந்தக் கெளுத்தியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கைக்கு ஆப்டுச்சின்னா கொழம்புகூட வைக்க மாட்டேன், காக்காய்க்குப் போட்டுடுவேன் என்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிக்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலுக்கு ஈ ஓட்டுகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை போயிருக்கும், கால் என்ன ஆயிற்று என்று பரணி சொல்லியிருப்பான். உன் மருந்து வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும் என்றாய், அது அப்பாவுக்கு எட்டாது, தபீதாள் பேரனுக்காவது ஆகட்டும். அத்தை மாதிரி நானும் கிருமி படிப்பேன் என்று மஹாலட்சுமி சொல்கிறாள், அவளும் வந்து உனக்குக் கை கொடுப்பாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே. மாத்திரை எழுதிக் கொடுத்தால் கடைசி மாத்திரைவரை சாப்பிடு. அம்மன் உங்கள் இருவரையும் நன்றாக வைப்பாள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, கால் போன பிறகு சொன்னால் அது சொன்னதாகாது. இந்தத் தாளை மடித்து வைத்ததும் அவரிடம் போய், அந்த மீனைத் திட்டாதே, என்னைத் திட்டு என்று சொல்லப்போகிறேன்.

உன் அம்மா,
து. குப்பம்மா