மூன்றாவது பாட்டுக்குச் சாட்சி

மரக்காய்போ
செப்டம்பர் 4, 2023

அன்புள்ள நேரியோ அண்ணா,

நலம்தானே? யொலைதா அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மின்சாரம் வந்தால் இன்டர்நெட் வராது, இரண்டும் வந்தால் உன் போன் எடுக்காது. அதனால் எல்லை தாண்டிப் பர்ராங்கில்லாவுக்கு பஸ் ஓட்டும் எபெர்த்தோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கைத்தா பாட்டுக் குழுவின் பழைய சிடியை ரேடியோக்காரர்கள் சினித்தா மாதா திருநாளுக்கு மறுபடி வெளியிடுகிறார்கள், பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுப்பது நீதான் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. மூன்றாவது பாட்டை விட்டுவிட்டாயாமே? நான் தனியாகப் பாடிய ஒரே பாட்டு அது.

கடைசி இழுப்பில் என் குரல் உடைகிறது என்று இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்கிறாய். நான் பாடிய அன்று நீ டெங்குவில் படுத்துக் கிடந்தாய். சிடியில் கேட்டுவிட்டு, குழுத் தலைவன் என்ற முறையில் அடுத்த வருஷமே என் இடத்தை யொலைதாவுக்குக் கொடுத்தாய், பிறகு அவளையே கட்டிக்கொண்டாய். கல்யாணத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் சிடியில் குரல் உடையவில்லை அண்ணா.

உன் தங்கை
மிர்லா

பர்ராங்கில்லா
செப்டம்பர் 11

அன்புள்ள மிர்லா,

முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பிய மந்தோக்கா பலகாரத்தில் பாதியை எபெர்த்தோ வழியிலேயே தின்றுவிட்டான்.

கோபப்படாமல் படி. உன் டப்பா பிளேயர், படிக்க முடியாத இடத்தைத் தானே ஊகித்து மழுப்பிவிடும். அதை நம்பாதே. கம்ப்யூட்டர் அப்படி இல்லை. ஒவ்வொரு பாட்டையும் எடுத்து முடித்ததும் ஓர் எண் கொடுக்கும். இசையில் தூசியளவு மாறினாலும் எண் வேறாகிவிடும். என் சிடியை எத்தனை முறை எடுத்தாலும் மூன்றாவது பாட்டுக்கு அதே எண்தான் வருகிறது. அப்படியென்றால் பிரதி சரி, உடைந்தது குரல். மூல நாடாவும் வெள்ளத்தில் போய்விட்டது. குறையுள்ள பாட்டை என் பேரில் எப்படிக் கொடுப்பேன்?

அன்புடன்
நேரியோ

மரக்காய்போ
செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணா,

ஒரே ஆள் எத்தனை முறை சொன்னாலும் அது ஒரே ஆள் சொன்னதுதான். உன் சிடிக்குச் சாட்சி உன் சிடியே என்றால் எந்த ஊர் நியாயம்?

மருந்துக்கடை மகோலாவின் கம்ப்யூட்டரில் என் சிடியை எடுத்தேன். எல்லாப் பாட்டுகளின் எண்களும் இத்துடன் இருக்கின்றன. நீ நேர்மையானவன் என்பதால்தான் உன்னிடமே அனுப்புகிறேன். பிடிவாதக்காரன் என்பதையும் மறக்கவில்லை.

மிர்லா

பர்ராங்கில்லா
செப்டம்பர் 27

மிர்லா,

ஒன்றுகூடப் பொருந்தவில்லை. முதல் பாட்டே வேறு எண். சந்தையில் யாரோ உன் தலையில் கள்ளப் பிரதியைக் கட்டியிருக்கிறார்கள். விஷயத்தை இத்தோடு விடு.

செப்டம்பர் 29

நல்லவேளை, கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உன்னுடையது இரண்டாம் முறை அச்சான சிடி. அதில் இசை ஒரு இமைப்பொழுதுக்கும் குறைவாகத் தாமதித்து ஆரம்பிக்கிறது. என் பாட்டுகளையும் அதே அளவு தள்ளிவைத்து எண் எடுத்தால் எல்லாம் உன் எண்களோடு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. மூன்றாவது மட்டும் பொருந்தவில்லை.

ஆக, இரண்டு சாட்சிகள், இரண்டு பேச்சு. ஒன்று பொய். எது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக ஒரு சிடி வேண்டும்.

நேரியோ

மரக்காய்போ
அக்டோபர் 8

அன்புள்ள அண்ணா,

கள்ளப் பிரதி என்றதற்கு நேரில் வைத்துக்கொள்கிறேன்.

ஊர் முழுக்கக் கேட்டுவிட்டேன். பாதிப் பேர் சிலேக்கும் பெருவுக்கும் போய்விட்டார்கள், சிடியும் கூடப் போய்விட்டது. கடைசியில் ஒன்று கிடைத்தது, பறவைகளை விரட்ட எலுமிச்சை மரத்தில் தொங்குகிறது. வெயிலில் வெந்து பேப்பர் மாதிரி இருக்கிறது.

யொலைதாவிடம் ஒன்று இருந்ததே? உன்னைக் கட்டுவதற்கு முன்னால், என் பாட்டைக் கற்றுக்கொள்ளவென்று வாங்கினாளே? அவளிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய்.

மிர்லா

பர்ராங்கில்லா
அக்டோபர் 16

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் யொலைதா படித்துவிட்டாள். பழைய பெட்டியிலிருந்து தன் சிடியை எடுத்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே கம்ப்யூட்டரில் போட்டாள். அதுவும் என்னுடையதைப் போல முதல் அச்சு. மற்றப் பாட்டெல்லாம் என் எண்களோடு அப்படியே பொருந்தின. மூன்றாவது பொருந்தவில்லை. அவள் சிடியின் பாட்டை அந்தத் தாமதத்தின் அளவு தள்ளிவைத்து எண் எடுத்தேன். இம்மி பிசகாமல் உன் எண்தான்.

அவள் என் சிடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாரு நேரியோ. உன் தங்கச்சி தொண்டையில ஒரு குறையும் இல்ல. உன் சிடியிலதான் ஓட்டை."

வெள்ளிப் பூச்சில் ஊசிமுனை அளவு பொத்தல். அதன் வழியாக வெயில் என் சட்டையில் விழுந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருந்திருக்க வேண்டும். அந்தப் பொத்தலைத்தான் உன் குரல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்றாவது பாட்டை முதல் முறையாக முழுசாகக் கேட்டேன். அந்த இழுப்பில் எனக்கு மூச்சு முட்டியது, உனக்கு முட்டவில்லை. என்னை மன்னித்துவிடு மிர்லா. தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

உன் அண்ணன்
நேரியோ

மரக்காய்போ
அக்டோபர் 25

என் அன்பு அண்ணா,

கடிதத்தை பஸ் நிலையத்திலேயே பிரித்தேன். எபெர்த்தோ பயந்துபோய், "என்ன மிர்லா, சிரிக்கிறியா அழுவுறியா, ஒண்ணும் புரியலயே" என்றான். இரண்டும்தான் என்றேன். அப்புறம் நின்ற இடத்திலேயே அந்தக் கடைசி இழுப்பைப் பாடினேன். பத்தக்கோன் பொரிப்பவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். புறப்பட வேண்டிய பஸ்ஸை எபெர்த்தோ புறப்படவிடவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், அண்ணா, உடையவில்லை.

மன்னித்தாயிற்று. ஆனால் சும்மா இல்லை. மூன்றாவது பாட்டு இனி முதல் பாட்டு. ரேடியோவில் சொல்லிவிட்டேன். உன் ஓட்டைச் சிடியைக் கொண்டு வா, என் எலுமிச்சை மரத்துக்கும் ஒன்று வேண்டும். அண்ணியை முழங்காலோடு கூட்டி வா. திருநாளன்று கோயில் வாசலில் அவள் என் பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் பாடுவாள். அவள் சிடி இல்லையென்றால் நாம் இருவரும் சாகும்வரை எண்களை அனுப்பிக்கொண்டிருந்திருப்போம்.

உன் பழைய ஃபுர்ரோ மேளத்துக்குப் புதுத் தோல் கட்டி வைத்திருக்கிறேன். வந்து வாசி. கடைசி இழுப்பு வரும்போது என்னைப் பார்த்துக்கொண்டிரு. நான் நிறுத்தும்போது நிறுத்தினால் போதும்.

உன் தங்கை
மிர்லா